பிளாக்பர்ன் ரசிகர்களும் தில்லி உயர் நீதிமன்றமும்

புதுதில்லி: இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள பிளாக்பர்ன் ஊரின் கால்பந்து ரசிகர்கள், 2023-ம் ஆண்டு முதல் தில்லி உயர் நீதிமன்றத்தின் விசாரணைத் தேதிகளைக் கவனிக்கத் தொடங்கினர். தங்கள் ஊர்க் கழகத்துக்கு இந்தியாவிலிருந்து பணம் போய்ச் சேருமா என்பது அந்த நீதிமன்றத்தின் உத்தரவைச் சார்ந்ததாக மாறியிருந்ததே காரணம். அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டம், அமலாக்கத் துறை, வங்கி உத்தரவாதம் என இந்திய நிதியமைச்சகத்து வட்டாரங்களில் புழங்கும் சொற்கள், ஏறத்தாழ 7 ஆயிரம் கி.மீ. தொலைவில் உள்ள அந்த ஊரின் விளையாட்டுச் செய்திகளில் இடம்பெற்றன.

வழக்கில் மனுதாரர் தரப்பு ஒன்று. அரசுத் தரப்பு மற்றொன்று. தீர்ப்பின் பலனை நேரடியாக அனுபவிக்கப்போகும் மூன்றாவது தரப்பு, அதாவது தலைமுறை தலைமுறையாக அந்த அணிக்காகச் சீட்டு வாங்கி அமர்ந்தவர்கள், எந்த ஆவணத்திலும் இல்லை. பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகம் இந்திய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறிய 2010-ம் ஆண்டிலிருந்து அந்த ரசிகர்கள் எதிர்கொண்டுவரும் சிக்கலின் சாரம் இதுதான்.

நூற்பாலை நகரம்

லங்காஷயர் பகுதியின் பழைய பருத்தி ஆலை நகரங்களில் ஒன்று பிளாக்பர்ன். மக்கள்தொகை ஏறத்தாழ 1.25 லட்சம். இந்தியாவுடன் அதற்குள்ள தொடர்பு கால்பந்துக்கு மிகவும் முற்பட்டது. அன்னியத் துணி புறக்கணிப்பால் லங்காஷயர் தொழிலாளர்கள் வேலையிழந்திருந்த நேரத்தில், 1931-ம் ஆண்டு வட்டமேஜை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்ற மகாத்மா காந்தி, அவர்களை நேரில் சந்திக்க பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊரான டார்வெனுக்குச் சென்றார். அங்கு ஆலைத் தொழிலாளர்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரம் செய்யும் புகைப்படம் இன்றும் பேசப்படுகிறது. பிற்காலத்தில் குஜராத், பாகிஸ்தான் பகுதிகளிலிருந்து சென்றவர்கள் அங்கே குடியேறினர். பிளாக்பர்ன், டார்வென் ஊர்களை உள்ளடக்கிய உள்ளாட்சிப் பகுதியில் இப்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஆசிய வம்சாவளியினர்.

ஆலைகள் போயின, கால்பந்துக் கழகம் எஞ்சியது. 1875-ல் தொடங்கப்பட்ட பிளாக்பர்ன் ரோவர்ஸ், 1888-ல் உலகின் முதல் கால்பந்து லீக் போட்டியைத் தொடங்கிய 12 கழகங்களில் ஒன்று. எஃப்.ஏ. கோப்பையை 6 முறை வென்றுள்ளது. உள்ளூர் எஃகு வணிகரான ஜாக் வாக்கர் தன் செல்வத்தைக் கொட்டி வளர்த்த அணி, 1995-ல் பிரீமியர் லீக் பட்டத்தையும் வென்றது. மாநகர்களின் பெரும் கழகங்களைச் சிறு நகரம் ஒன்று முந்தியது அன்றைய அதிசயம். வாக்கர் 2000-ல் மறைந்தார். அவரது குடும்ப அறக்கட்டளை சில ஆண்டுகள் கழகத்தை நடத்திவிட்டு, வாங்குவோரைத் தேடியது.

புணேயிலிருந்து வந்தவர்கள்

2010 நவம்பரில், புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட வெங்கீஸ் குழுமம் 2.3 கோடி பவுண்டுக்கு (அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ரூ.165 கோடி) கழகத்தை வாங்கியது. பிரீமியர் லீக் கழகம் ஒன்று இந்திய நிறுவனத்தின் உடைமையானது அதுவே முதல்முறை.

தமிழக வாசகர்களுக்கு இக்குழுமம் அன்னியமானதல்ல. அதை நிறுவிய பி.வி. ராவ், நவீன இந்தியக் கோழிப்பண்ணைத் தொழிலின் தந்தை எனப் போற்றப்படுபவர். நாமக்கல் பண்ணையாளர்கள் நாள்தோறும் எதிர்பார்க்கும் முட்டை விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, 1982-ல் அவரது முன்முயற்சியால் உருவானது. இடைத்தரகர்கள் வைத்ததே விலை என்றிருந்த நிலையில், உற்பத்தியாளர்களுக்கு விலை நிர்ணயத்தில் குரல் பெற்றுத் தந்த அமைப்பு என அது பாராட்டப்பட்டது. அவருடைய மகள் அனுராதா தேசாய், மகன்கள் வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவ் ஆகியோர் காலத்தில்தான் பிளாக்பர்ன் குழுமத்தின் கைக்கு வந்தது.

தொடக்கமே சரியாக அமையவில்லை. ஒரு மாதம் முடிவதற்குள், அணியைப் பட்டியலின் நடுப்பகுதியில் வைத்திருந்த அனுபவசாலி மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். அவருக்குக் கீழ் பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் கீன் அந்த இடத்துக்கு வந்தார். 2011-12 பருவம் முழுவதும் அவரை நீக்கக் கோரி ரசிகர்கள் போராடினர். உரிமையாளர்கள் செவிசாய்க்கவில்லை.

2012 மே 7-ம் தேதி, சொந்த மைதானமான ஈவுட் பார்க்கில் விகன் அணியிடம் 0-1 என்ற கணக்கில் தோற்று, 11 ஆண்டுகளுக்குப் பின் பிளாக்பர்ன் முதல் அடுக்கிலிருந்து இறங்கியது. அன்று கழகக் கொடியைப் போர்த்திய கோழி ஒன்று மைதானத்துக்குள் விடப்பட்டது. உரிமையாளர்களின் தொழிலைச் சுட்டிய அந்தக் கசப்பான நகைச்சுவை உலகச் செய்தியானது.

தரமிறக்கம் என்பது என்ன?

ஐ.பி.எல். கிரிக்கெட்டில் கடைசி இடம் பெறும் அணி அடுத்த ஆண்டும் அதே போட்டியில் ஆடும். இங்கிலாந்து கால்பந்தில் அப்படி இல்லை. முதல் அடுக்கின் 20 அணிகளில் கடைசி மூன்று, இரண்டாம் அடுக்குக்குத் தள்ளப்படும். தொலைக்காட்சி உரிமத் தொகையில் கிடைத்த பெரும் பங்கு போய்விடும். நல்ல ஆட்டக்காரர்கள் வேறு அணிக்குச் செல்வர். ஒப்பந்தப்படி தரவேண்டிய சம்பளச் சுமையோ உடனே குறையாது. சரிவு தொடர்ந்தால் மூன்றாம் அடுக்கும் காத்திருக்கிறது.

பிளாக்பர்னுக்கு அதுவே நேர்ந்தது. 2012-13 பருவத்தில் மட்டும் மூன்று மேலாளர்கள் பதவியிழந்தனர். அவர்களில் ஹென்னிங் பெர்க் பதவியில் இருந்தது 57 நாள். மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். பெர்க்குக்கு இழப்பீடு தரும் விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. வரவுக்கு மீறிய செலவுக்காக 2014 இறுதியில் புதிய ஆட்டக்காரர்களை வாங்கவும் தடை வந்தது.

2017 மே 7-ம் தேதி, முதல் சரிவு நேர்ந்து சரியாக ஐந்தாண்டு நிறைவடைந்த நாளில், பிளாக்பர்ன் அணி பிரென்ட்ஃபோர்டை அதன் மைதானத்தில் 3-1 என வென்றது. ஆனால் போட்டி அணிகளும் அன்றே வென்றன. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன் சமமாக 51 புள்ளிகள் பெற்றும், கோல் வித்தியாசத்தில் பின்தங்கி மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஓர் அணி அந்த நிலைக்குச் சென்றது அதுவே முதல்முறை.

புறக்கணிப்பதா, வருவதா?

இந்த இடத்தில்தான் ரசிகரின் நிலை மற்ற நுகர்வோரின் நிலையிலிருந்து வேறுபடுகிறது. சோப்பு பிடிக்காவிட்டால் வேறு சோப்பு வாங்கலாம். அரசு பிடிக்காவிட்டால் ஐந்தாண்டில் ஒருமுறை வாக்களித்து மாற்றலாம். பிளாக்பர்ன் ரசிகர் பக்கத்து ஊரான பர்ன்லியின் அணிக்கு மாறிவிடுவார் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. அது பரம எதிரி அணி. கழகத்தின் பங்குகள் ஏறத்தாழ முழுவதும் ஒரே கையில் இருப்பதால், பங்குதாரர் கூட்டத்தில் தோற்கடிக்கவும் வழியில்லை.

எஞ்சிய ஆயுதம் வராமலிருப்பது. உரிமை கைமாறிய பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் வந்தனர். இரண்டாவது சரிவு நேர்ந்த பருவத்தில் அது ஏறத்தாழ பாதியானது. கழகம் தொடங்கிய 1875-ம் ஆண்டை நினைவூட்டும் வகையில், 18-வது நிமிஷத்தில் உள்ளே வந்து 75-வது நிமிஷத்தில் வெளியேறும் போராட்டத்துக்கும் அழைப்பு விடுக்கப்பட்டது. ஆனால் காலி இருக்கைகளால் உண்டாகும் நஷ்டம் முதலில் கழகத்தையே தாக்குகிறது. சீட்டு வாங்கினால் உரிமையாளரை ஏற்றதாகிறது. வாங்காவிட்டால் அணியைக் கைவிட்டதாகிறது. ஒரே குடும்பத்தில் தந்தை ஒரு முடிவும் மகன் மற்றொரு முடிவும் எடுக்க நேரும் சங்கடம் இது.

உரிமையாளர் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. டோனி மோப்ரேயை மேலாளராகத் தொடரவிட்டதன் பலனாக, 2018-லேயே அணி இரண்டாம் அடுக்குக்குத் திரும்பியது. இரண்டாம் அடுக்குக் கழகங்கள் பெரும்பாலும் நஷ்டத்திலேயே நடக்கின்றன. ஆண்டுதோறும் அதை ஈடுகட்டியவர்கள் வெங்கீஸ் குழுமத்தாரே. அவர்கள் இதுவரை செலவிட்டது 20 கோடி பவுண்டுக்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. கடன்காரர்களிடம் கழகத்தை விட்டுவிட்டு அவர்கள் ஓடிவிடவில்லை.

தில்லியின் குறுக்கீடு

அந்தப் பண ஓட்டத்தில்தான் தில்லி குறுக்கிட்டது. பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட தொகைகள் தொடர்பாக, 1999-ம் ஆண்டின் அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின் கீழ் அமலாக்கத் துறை விசாரணை மேற்கொண்டது. விசாரணை நடப்பதே விதிமீறல் நிரூபணமானதாகாது. ஆயினும் தொடர்ந்து பணம் அனுப்ப தில்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டியதாயிற்று. 2023-ல் அனுமதி தந்தபோது, அனுப்பும் தொகைக்கு ஈடான வங்கி உத்தரவாதத்தை நீதிமன்றம் நிபந்தனையாக்கியது. அதாவது ஒரு பவுண்டு அனுப்ப இன்னொரு பவுண்டை முடக்கிவைக்க வேண்டும். 2024-ல் விசாரணை பலமுறை தள்ளிப்போனது.

ஒத்திவைப்பு என்பது தில்லியில் அன்றாட நிகழ்வு. பிளாக்பர்னில் அதன் பொருள் வேறு. பண நெருக்கடி பற்றிய பேச்சு வலுத்திருந்த 2024 பிப்ரவரி முதல் நாளில், அதே ஊரில் பிறந்து சிறு வயது முதல் கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த ஆடம் வார்ட்டன், கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு 1.8 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டார். சில மாதங்களில் அவர் இங்கிலாந்து தேசிய அணியில் இடம்பெற்றார். அதே பிப்ரவரியில் மேலாளரும் விலகினார். கடைசி ஆட்டத்தில் லெஸ்டரை 2-0 என வென்றே பிளாக்பர்ன் மீண்டும் மூன்றாம் அடுக்குக்குச் செல்லாமல் தப்பியது. 2025-ல் கழகத்தின் மகளிர் அணி, தோல்வியால் அன்றி, உரிம நிபந்தனைகளுக்கான செலவை ஏற்க இயலாத நிலையில் இரண்டாம் அடுக்கிலிருந்து விலகியது.

உரிமையாளர் வெளியேற வேண்டும் என ஆண்டுக்கணக்கில் முழங்கியவர்கள், அதே உரிமையாளரின் பணம் வந்துசேர நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும் என விரும்பவேண்டிய விநோத நிலை இவ்வாறு ஏற்பட்டது.

இரு நாடாளுமன்றங்கள்

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதில் தலையிட்டிருக்கிறது. 1885-ல் தொடங்கிய பரி கழகம் நிதிச் சீர்கேட்டால் 2019-ல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டதும், 2021-ல் பெரும் கழகங்கள் தனிப் போட்டி தொடங்க முயன்றதும் அங்கு கொந்தளிப்பை உண்டாக்கின. டிரேசி கிரவுச் தலைமையில் ரசிகர்களை முன்னிறுத்திய ஆய்வு நடந்தது. முதலில் கன்சர்வேடிவ் ஆட்சி கொண்டுவந்த மசோதா, தேர்தலால் காலாவதியாகி, தொழிற்கட்சி ஆட்சியில் மீண்டும் கொண்டுவரப்பட்டு 2025 ஜூலையில் சட்டமானது. அதன்படி முதல் ஐந்து அடுக்குகளின் கழகங்களுக்குச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு உருவானது. உரிமையாளரின் தகுதியையும் நிதி ஆதாரத்தையும் அது சோதிக்கலாம். முக்கிய முடிவுகளில் ரசிகர்களைக் கலந்தாலோசிப்பது கழகங்களின் கடமையாகிறது. சின்னத்தையும் சொந்த மைதானச் சீருடையின் நிறத்தையும் அவர்கள் சம்மதமின்றி மாற்ற முடியாது.

இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம், சம்மேளனங்களின் நிர்வாகக் குழுக்களில் வீரர்களுக்கு இடம் ஆகியவை அதன் சிறப்புகள். கழகங்களின் உரிமை கைமாறுவது பற்றியோ, ரசிகர்களின் கருத்தைக் கேட்பது பற்றியோ அதில் ஏற்பாடு இல்லை.

தேவை இல்லாததால் அல்ல. முதலீட்டாளருடனான ஒப்பந்தத் தகராறில் 2021 ஜூலையில் கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் முன்பு திரண்ட ரசிகர்கள் மீது போலீஸார் தடியடி நடத்தினர். மோகன் பகான் பெயருக்கு முன் ஒட்டப்பட்ட முதலீட்டாளர் அணியின் பெயரை நீக்க, ரசிகர்கள் 2023 வரை போராட வேண்டியிருந்தது. மோகன் பகானில் அவர்கள் வென்றது உரிமையாளரின் இசைவால்; சட்டத்தின் துணையால் அல்ல.

உற்பத்தியாளருக்கு விலை நிர்ணயத்தில் இடம் வேண்டும் என்ற கோரிக்கையே நாமக்கல் முதல் புணே வரை முட்டை வணிகத்தை மாற்றியது. கழகம் விற்கப்படும்போது தங்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று பிளாக்பர்ன் ரசிகர்களும் கொல்கத்தா ரசிகர்களும் கேட்பது அதைவிடச் சிறிய கோரிக்கைதான். லண்டன் அதற்கு ஒரு விடை எழுதிவிட்டது. தில்லியில் அந்தக் கேள்வி இன்னும் அவைக்கு வரவில்லை.