தீவகத்தில் தங்குவோர்க்கு

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் போர்த்துக்கீசர் எழுப்பி, 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை, பின்னாளில் சிறைச்சாலையாகி, 1971-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவர் ரோகண விஜேவீராவையும் அடைத்து வைத்திருந்து, இன்று கடற்படையினரின் நிர்வாகத்தில் உல்லாசப் பிரயாணிகள் பணங்கொடுத்துத் துயிலும் விடுதியாகிவிட்டது விதியின் விநோதமே.

ஆயினும் தீவக வாழ்க்கையை அறிய விரும்புவோர், புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையில் படகேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலையில் அசைந்து நெடுந்தீவை அடைந்து, ஊரார் நடத்தும் எளிய விடுதியொன்றில் தங்குவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். கட்டிலும் நுளம்பு வலையும் மேசையும் கிடைத்தால் அங்கே அது சம்பூரணமான வசதி. நன்னீர் அருமையாதலால் வாளித் தண்ணீரைக்கூடச் சிக்கனமாகவே செலவிட வேண்டும். காணிகளைப் பிரிப்பவை யாழ்ப்பாணத்துக் கதியால் வேலிகளல்ல. சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் மதில்கள். அந்நியராட்சிக் காலத்துக் குதிரைகளின் சந்ததி வரண்ட வெளிகளில் சுயேச்சையாகத் திரிய, பருத்த அடிமரத்தோடு பெருக்கமரம் நிற்கின்றது. நண்டும் மீனும் பயிற்றங்காயும் ஒடியல் மாவுடன் கொதிக்கும் கூழுக்கு நிகரான உணவை நட்சத்திர விடுதிகளில் தேடுவது வீண்.

நாகபூசணி அம்மன் கோயிலும் பௌத்த விகாரையும் உள்ள நயினாதீவுக்கும் அதே துறையிலிருந்துதான் படகு. கடல் கொந்தளிக்கும் நாட்களில் சேவை நின்றுவிடுவதுமுண்டு. ஆகையால், திரும்பும் படகின் நேரத்தைப் புறப்படுமுன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.