அலைகளின் நடுவே அறியாத குரல்

இரவு ஒன்பதரை மணி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பகல் முழுதும் உழைத்து வீடு திரும்பிய தகப்பனார் ஒருவர், உணவருந்திய பின் தம் பழைய வானொலிப் பெட்டியைச் சிற்றலையில் வைத்து மெல்லத் திருகுகிறார் என்று கொள்வோம். இரு நிலையங்களுக்கு இடையே ஓர் ஒலி: ‘டக், டக், டக்’ என்று ஒரே சீராய், ஓயாமல் எழுகிறது. பேச்சுமில்லை, இசையுமில்லை. அருகே படித்துக்கொண்டிருந்த மகன் தலைநிமிர்ந்து, “அப்பா, இது யார்?” என்று வினவுகிறான்.

இவ்வினாவிலிருந்து பிறந்ததே, இனந்தெரியாத வானொலி ஒலிகளைக் கண்டறியும் பொழுதுபோக்கு. இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. பொறுமையும், ஒரு குறிப்பேடும், உண்மையின்மீது பற்றும் இருந்தால் போதும்.

வீட்டிலிருந்தே தொடங்குக

சிற்றலை என்பது ஏறத்தாழ 3,000 முதல் 30,000 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை. இவ்வலைகள் வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து வருகின்றன. ஆனால் புதிதாய்க் கேட்பவர் கடல் கடந்து தேடும் மர்மம் பல வேளைகளில் தம் கூரையின் கீழேயே இருக்கிறது!

ஆகவே முதற்சோதனை யாதெனில், பெட்டியை மின்கலத்தில் இயக்கிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணைப்பதே. ஒலி மறைந்துவிட்டால் குற்றவாளி நம் வீட்டில்தான்: எல்.ஈ.டி. விளக்கோ, கைபேசிச் சார்ஜரோ, இன்வெர்ட்டரோ ஆகலாம். மறையாவிடில், பெட்டியைக் கையிலேந்தித் தெருவில் நடக்க வேண்டும். ஓரிடத்தை நெருங்க நெருங்க ஒலி வலுத்தால், அது அண்டையிலேயே பிறப்பது. உருக்காலைகளும் பற்றவைப்புப் பட்டறைகளும் நிறைந்த நம் பகுதியில் நேரமும் சான்று கூறும். ஷிப்டு மாறும் வேளையில் நின்று, வார விடுமுறையில் கேளாதிருக்கும் ஓசை, அயல்நாட்டு ஒற்றனுடையதாக இருக்க இயலாது அன்றோ!

பெட்டியும் ஏமாற்றும்

இரண்டாவதாக, பெட்டியையே ஐயுற வேண்டும். எளிய பெட்டிகள் பலவற்றில் 455 கிலோஹெர்ட்ஸ் என்னும் இடைநிலை அதிர்வெண் பயன்படுகிறது. இதனால் வலிமையான நிலையம் ஒன்று, அதன் இரு மடங்காகிய 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, இன்னோரிடத்திலும் போலியாகத் தோன்றும். சென்னை வானொலி முன்பு 7,380 கிலோஹெர்ட்ஸில் ஒலித்தது. அத்தகைய நிலையம் 6,470-இலும் கேட்கக்கூடும். புதிய நிலையம் கிடைத்துவிட்டதென்று மகிழுமுன், 910 கூட்டிப் பார்ப்பது நன்று.

குறிப்பேட்டின் அருமை

இவ்விரண்டும் இல்லையெனில், உண்மையான தேடல் தொடங்குகிறது. நாள், அதிர்வெண், மொழி, இசை ஆகியவற்றை எழுத வேண்டும். நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிப்பது மரபு. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் அது கிடைக்கும். நம் இரவு ஒன்பதரை அங்கே 16.00 மணி. மணி முடியும் தறுவாயில் செவியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், ஏனெனில் நிலையங்கள் தம் பெயரைப் பெரும்பாலும் அப்போதே அறிவிக்கும்.

பெயருக்கு முன்னே அடையாள இசை வரும். 1931 பிப்ரவரி 12-இல், மார்க்கோனி அமைத்துத் தர, திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்த வத்திக்கான் வானொலியை, ‘கிறிஸ்து வெல்கிறார்’ என்னும் இலத்தீன் பண்ணின் மெட்டைக் கேட்டதுமே அறிந்துகொண்ட இல்லங்கள் நம்மிடையே உண்டு.

கேட்டதை நேர்மையாய் எழுதி நிலையத்துக்கு அனுப்பினால், “ஆம், நீர் கேட்டது எம்மையே” என்று உறுதி கூறும் கியூ.எஸ்.எல். அட்டை வரும். ஊகம் உண்மையாகும் இன்பம் அதுவே.

மரங்கொத்தியும் எண்களும்

உலகையே திகைக்க வைத்த ஒலிகளும் உண்டு. 1976-இல் நொடிக்குப் பத்து முறை தட்டும் ஓசையொன்று சிற்றலை முழுதும் பரவி, ஒலிபரப்புகளைக் குலைத்தது. கேட்டவர்கள் அதற்கு ‘ரஷ்ய மரங்கொத்தி’ என்று பெயரிட்டனர். பல நாட்டு ஆர்வலர்கள் அது வரும் திசையை ஆராய்ந்து, சோவியத் நாட்டிலிருந்து எழுவதைக் கண்டனர். செர்னோபிலுக்கு அருகே நின்ற ராட்சத ராடாரே அது. தொலைவில் ஏவப்படும் ஏவுகணைகளைக் கண்டறிய அமைக்கப்பட்டது. 1989-இல் அவ்வோசை அடங்கியது.

எண்களை மட்டும் வாசிக்கும் குரல்களும் உள்ளன. ஒற்றர்களுக்குரிய மறைமொழிகள் அவை என்பது நெடுநாள் ஊகம். 2001-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் கியூபா ஒற்றர்கள்மீது நடந்த வழக்கில், அத்தகைய ஒலிபரப்பு சான்றாகவே வைக்கப்பட்டது.

பள்ளி மாணவர் கண்ட மறைவிடம்

இவற்றினும் வியப்பானது ஒரு பள்ளியின் கதை. இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஜெப்ரி பெர்ரி என்னும் இயற்பியல் ஆசிரியர், தம் மாணவர்களுடன் சோவியத் செயற்கைக்கோள்களின் ஒலியைக் கேட்டு, அவை தலைக்குமேல் கடக்கும் நேரங்களைக் குறித்து வந்தார். 1966-இல் ஏவப்பட்ட காஸ்மோஸ் 112-இன் பாதை, அதுவரை அறிந்த ஏவுதளத்தோடு பொருந்தவில்லை. அவர்கள் பின்வந்தவற்றின் பாதைகளையும் கணக்கிட்டு, அவை சந்திக்கும் இடத்தைத் தேடினர். விடை கிடைத்தது: பிளெசெட்ஸ்க். சோவியத் அரசு பல ஆண்டுகள் வெளியிடாதிருந்த ஏவுதளத்தைப் பள்ளிச் சிறுவர் கண்டுவிட்டனர்!

பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டை அண்ணாந்து பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இக்கதை புதிய ஊக்கம் தரட்டும். ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம்: பொது ஒலிபரப்பைக் கேட்கலாம்; பிறர்க்குரிய செய்தியைப் பரப்பலாகாது; உரிமமின்றி ஒலிபரப்பவும் கூடாது.

குரலைத் தேடியவர்கள்

இன்று சிற்றலை முன்போல் நெரிசலாய் இல்லை. பி.பி.சி. தமிழோசை 2017-இலும், மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸின் சிற்றலை 2018-இலும் ஓய்ந்தன. ஈழப்போர்க் காலத்தில், உற்றாரைப் பிரிந்த மக்கள் வேரித்தாஸ் தமிழ்ப்பணியை இரைச்சலுக்கிடையே தேடிப்பிடித்துக் கேட்டனர். ஏதிலியர் முகாம் அமைந்த கும்மிடிப்பூண்டிக்கு இவ்வேக்கம் புதிதன்று. அவர்கட்கு அது பொழுதுபோக்கு அன்று; தெளிவற்ற ஒலியில் தம் மண்ணின் செய்தியைத் தேடும் வேட்கை.

கேட்டவுடன் முடிவு கட்டாமை, முதலில் தன் வீட்டை ஆராய்தல், தன் கருவியையும் ஐயுறுதல், சான்று கிடைக்கும்வரை காத்திருத்தல் ஆகிய நான்கையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொழுதுபோக்கை வீணென்று யார் கூறுவர்? பரணில் தூசி படிந்துள்ள அப்பழைய பெட்டியை இன்றிரவு இறக்கி, தந்தையும் மக்களும் ஒன்றாய் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். ‘இது யார்?’ என்று பிள்ளை கேட்டால், உடனே விடை கூறாதீர்கள். குறிப்பேட்டை அவன் கையில் கொடுங்கள்.