கலுவத்திலிருந்து கேஸ் ஷீட்டுக்கு

அறுபதுகளில் அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகிறவர் காலி பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து சிவந்த கார்மினேட்டிவ் மிக்சரை ஊற்றிக் கொடுப்பார். தனியார் டாக்டரின் கிளினிக்காக இருந்தால் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டையும் ஒட்டியிருக்கும். ஓரத்தைப் பல் பல்லாகக் கத்தரித்த பட்டை. ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை மருந்து முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அளவு தவறாமல் குடித்துவிடுவார். இதைவிடத் தெளிவான லேபிளை இன்றைய மருந்துக் கம்பெனி எதுவும் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பட்டையை வெட்டக் கம்பவுண்டர் எந்தக் கல்லூரியில் கற்றார்? பலர் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. டாக்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பாட்டில் கழுவி, பொட்டலம் மடித்து, கலுவத்தில் அரைத்து, கடைசியில் மருந்து கலக்கும் இடத்துக்கு வந்தவர்கள் அவர்கள். மருந்தைக் கையாளுகிறவர் இன்னது படித்திருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் அவர்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் இல்லை. 1920களில் கலப்பட மருந்தும் வீரியமில்லாத மருந்தும் சந்தையில் குவிந்தன. மலேரியாவுக்குக் கொடுக்கும் க்வினைனையே நம்ப முடியாத நிலை வந்த பிறகுதான், 1930இல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. மருந்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது, அதைத் தொடுகிறவருக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்று 1931இல் குழு சொன்னது. அடுத்த ஆண்டே மகாதேவ லால் ஷ்ராஃப் காசி இந்து பல்கலைக்கழகத்தில் மருந்துக் கல்வியைத் தொடங்கிவிட்டார். 1937இல் அங்கே பி.ஃபார்ம் பட்டப்படிப்பு வந்தது. சட்டம்தான் மெதுவாக வந்தது. ஃபார்மசி சட்டம் நிறைவேறியது 1948இல்.

அந்தச் சட்டம் பழைய ஆட்களைத் தெருவில் விடவில்லை. ஆஸ்பத்திரியிலோ டிஸ்பென்சரியிலோ ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலந்து கொடுத்தவர் என்றால், பட்டமோ பட்டயமோ இல்லாவிட்டாலும் முதல் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம் என்றது. கை அனுபவத்தைத் தகுதியாக ஏற்ற கடைசி வாசல் அதுதான் என்று சொல்லலாம். அதற்குப் பின் வந்தவர்களுக்கு முதலில் வகுப்பறை, பிறகுதான் கவுண்டர்.

ஆனாலும் கவுண்டரை அடியோடு மறக்கவில்லை. 1991ஆம் ஆண்டு கல்வி விதிமுறை டி.ஃபார்ம் என்ற பட்டயப் படிப்பு மாணவருக்கு இரண்டு ஆண்டு வகுப்போடு 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியையும் வைத்தது. மூன்று மாதத்துக்குக் குறையாமல், பதிவு பெற்ற மருந்தாளுநரின் கண் முன்னால் செய்ய வேண்டிய பயிற்சி. அதில் பாதி, அதாவது 250 மணி நேரம், மருந்துச் சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பதிலேயே போக வேண்டும். 2020இல் டி.ஃபார்ம் விதிமுறையை மாற்றி எழுதினார்கள், பாடங்களைப் புதுப்பித்தார்கள், ஆனால் இந்த 500 மணி நேரத்தில் கை வைக்கவில்லை. மங்கலான ஸ்கேனிலும் கிறுக்கலான எழுத்திலும் பெயர் ஒத்த இரண்டு மாத்திரைகளைப் பிரித்தறிவது வகுப்பில் வராது. ஒரு நாளைக்கு நூறு சீட்டு பார்த்தால்தான் வரும்.

இப்போது பி.ஃபார்முக்கு வருவோம். நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர், பாடத்துக்குப் பாடம் 80 சதவீத அட்டெண்டன்ஸ். ஆறாவது செமஸ்டர் முடிந்து ஏழாவது தொடங்குவதற்குள் மருந்துத் தொழிற்சாலையிலோ ஆஸ்பத்திரியிலோ நான்கு வாரங்களில் 150 மணி நேரப் பயிற்சி. இரண்டு ஆண்டு படிப்புக்கு 500, நான்கு ஆண்டு படிப்புக்கு 150! ஏழாவது செமஸ்டரில் 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்று இன்னொரு 150 மணி நேரம் உண்டு. அதையும் சேர்த்தாலும் 500 வராது. இதற்குக் காரணம் உண்டு. பட்டப்படிப்பு தொடக்கத்திலிருந்தே தொழிற்சாலையை மனத்தில் வைத்து வளர்ந்தது. மாத்திரை செய்யும் ஆள், தரம் பார்க்கும் ஆள், மருந்தாய்வாளர் என்றுதான் பி.ஃபார்ம் படித்தவரை நாடு கற்பனை செய்தது. கடைக் கவுண்டர் டி.ஃபார்முக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். சட்டத்தில் மட்டும் அந்த ஒதுக்கீடு இல்லை. இருவரும் பதிவு பெறுவது ஒரே பதிவேட்டில், இருவருக்கும் மருந்துக்கடையில் உட்காரும் உரிமை ஒன்றுதான்.

அந்த 150 மணி நேரத்திலாவது கை படுகிறதா என்றால், பல கம்பெனிகளில் படுவதில்லை. தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, வாய்க்கு முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாத்திரை அழுத்தும் இயந்திரம் சுற்றுவதைப் பார்க்கலாம். கம்பெனியைக் குறை சொல்லவும் முடியாது. பயிற்சி மாணவர் தொட்ட ஒரு பேட்ச் கெட்டுப்போனால் அதற்குப் பதில் எழுதுவது அவர்கள்தானே. பேட்ச் ரெக்கார்டு எப்படி எழுதுகிறார்கள், எடை ஒரு சிறிது விலகினால் எந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள் என்று பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்ட மாணவருக்கு அந்த நான்கு வாரம் லாபம். மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழ்.

பழைய கைத்தொழில் முழுக்கப் போய்விட்டதா? லாபுக்குள் இன்னும் இருக்கிறது. முதல் செமஸ்டர் மாணவர் விளக்கெண்ணெய் எமல்ஷன் செய்வதைப் பாருங்கள். எண்ணெய் நான்கு பங்கு, தண்ணீர் இரண்டு, கருவேலம் பிசின் தூள் ஒன்று. உலர்ந்த கலுவத்தில் எண்ணெயையும் பிசினையும் லேசாகக் கலந்து, தண்ணீர் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றி, ஒரே திசையில் வேகமாகத் தேய்க்க வேண்டும். கலவை வெண்ணெய்போல் வெளுத்து, உலக்கையின் அடியில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் எமல்ஷன் பிடித்துவிட்டது. தண்ணீரைத் தயங்கித் தயங்கி ஊற்றியவருக்கு எண்ணெய் தனியே மிதக்கும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். ரெக்கார்டு நோட்டில் எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தச் சத்தத்தை எழுத முடியாது. இந்த எமல்ஷனை அவர்களில் பெரும்பாலோர் வேலையில் ஒருமுறைகூடச் செய்யப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய மாற்றம் 2008இல் வந்தது. அந்த ஆண்டு விதிமுறையில் ஃபார்ம்.டி என்ற ஆறு ஆண்டுப் படிப்பு நாட்டுக்குள் வந்தது. ஐந்து ஆண்டு படிப்பு, ஆறாவது ஆண்டு முழுவதும் இன்டர்ன்ஷிப். கல்லூரிக்குச் சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ 300 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி இருந்தாக வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் பொது மருத்துவம். மீதி ஆறு மாதம் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். ஊட்டி போன்ற ஊர்களில் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே எம்.ஃபார்மில் மருந்தகப் பணிப் பிரிவைத் தொடங்கி, மாணவர்களை வார்டுக்கு அனுப்பிப் பார்த்த அனுபவம் இதற்கு முன்னோடி.

இந்த இன்டர்னின் காலை எப்படி இருக்கும்? டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வருமுன்பே வார்டில் இருக்க வேண்டும். கட்டில் கட்டிலாகக் கேஸ் ஷீட்டை எடுத்து, நேற்று எழுதிய மருந்தையும் இன்று வந்த ரத்தப் பரிசோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்ததற்காக, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் வார்ஃபரின் சாப்பிடும் அம்மா ஒருவர் வயிற்றுப்போக்கோடு வந்து சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு டியூட்டி டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறைவது மேலும் தாமதமாகும், எங்காவது கசியத் தொடங்கலாம். இதைக் கவனித்து, ரவுண்ட்ஸில் சரியான நேரம் பார்த்து, டாக்டர் முகம் சுளிக்காதபடி சொல்வதுதான் இன்டர்னின் வேலை. 'மேடம், இவங்க வார்ஃபரின்ல இருக்காங்க, ஐ.என்.ஆர். ஒண்ணு பார்த்துடலாமா?' என்று, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனையைப் பற்றிக் கேள்வியாகக் கேட்கத் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. 'இது தப்பு' என்று ஆரம்பித்த பிள்ளை அடுத்த நாள் பின்வரிசையில் நிற்கிறது.

மதியம் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களோடு பேச வேண்டும். ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரை அழுத்திய பிறகு மூச்சை இழுக்கிறார். அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும் என்று செய்துகாட்ட வேண்டும். சர்க்கரை நோயாளி ஒரே இடத்தில் இன்சுலின் போட்டுத் தோல் தடித்திருக்கும்; இடம் மாற்றச் சொல்ல வேண்டும். மருந்தால் யாருக்காவது தடிப்போ மயக்கமோ வந்திருந்தால், 2010இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் படிவம் நிரப்ப வேண்டும். கம்பவுண்டர் ஒரு பல் பட்டையில் முடித்த வேலையை, இவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிச் செய்கிறார்கள். இன்று ஒருவர் பையில் எட்டு மாத்திரை இருக்கும்போது பத்து நிமிடம் அதிகமில்லை.

படிப்பு இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வந்ததா? கேஸ் ஷீட்டில் டாக்டருக்கு இடம் உண்டு, நர்சுக்கு இடம் உண்டு. மருந்தாளுநர் கையெழுத்துப் போடும் இடம் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இல்லை. இன்டர்ன் கண்டுபிடித்ததையெல்லாம் கல்லூரி கொடுத்த தனிப் படிவத்தில் எழுதித் துறைக் கோப்பில் போடுகிறார். அதே வார்டில் ஓடும் எம்.பி.பி.எஸ். இன்டர்னுக்கு மாத உதவித்தொகை உண்டு. ஃபார்ம்.டி இன்டர்ன்கள் பலருக்கு அது கிடையாது, கல்லூரிக்குக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள். ஆறு ஆண்டு முடித்து வெளியே வந்தாலும், கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் என்று ஆள் எடுப்பவை பெரும்பாலும் பெருநகரங்களின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளே. மற்ற இடங்களில் டி.ஃபார்ம் முடித்தவர் நிற்கும் அதே மருந்து கவுண்டர்தான். இரண்டு ஆண்டு படித்தவரைத் தாழ்த்திச் சொல்லவில்லை. ஆறு ஆண்டு சொல்லிக்கொடுத்ததைப் பயன்படுத்த அங்கே வழியில்லை என்பதே என் ஆதங்கம்.

இன்னொரு பக்கமும் உண்டு. தன் சான்றிதழைக் கடைக்காரருக்கு மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிக்கே போகாமல் 500 மணி நேரத்துக்குக் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. டி.ஃபார்ம் முடித்தவர் பதிவு செய்யுமுன் தனியாக ஒரு எக்ஸிட் தேர்வு எழுத வேண்டும் என்று 2022இல் விதி கொண்டுவந்ததற்கு பயிற்சி உண்மையில் நடந்ததா என்ற சந்தேகம்தான் பின்னணி என்று நினைக்கிறேன். தாளில் தேர்வு வைத்துக் கையைச் சோதிக்க முடியுமா என்பது எனக்குப் புரியவில்லை. பயிற்சி நடக்கும் கடைக்குச் சொல்லாமல் போய்ப் பார்ப்பது இதைவிடச் செலவு குறைவு.

ஜூன் வந்தால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு பெற்றோர் அலைவார்கள். ஃபார்ம்.டி படித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா என்பது பலருக்கும் முதல் கேள்வி. கடைசி ஆண்டு மாணவர்கள் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறார்கள்: 300 படுக்கை ஆஸ்பத்திரி கல்லூரிக்குள்ளேயே இருக்கிறதா, ஒப்பந்தம் போட்டுப் பஸ்ஸில் போக வேண்டியதா? படுக்கையில் நோயாளி இருக்கிறாரா? ரவுண்ட்ஸில் டாக்டர்கள் இவர்களைப் பேச விடுகிறார்களா? ஆறாவது ஆண்டுக்குக் கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா? விண்ணப்பம் வாங்குமுன் வார்டுக்குப் போய், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு இன்டர்னிடம் இதைக் கேட்டுவிட்டு வரலாம்.