தொலைதூரக் கணிப்பொறிக்கு ஏற்ற திறவுகோல் எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

நாம் இருக்குமிடம் ஒன்று. நாம் இயக்கும் கணிப்பொறி இருக்குமிடம் வேறொன்று. மும்பையிலோ சிங்கப்பூரிலோ இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வரை நம் ஊரில் அமர்ந்தபடியே இயக்குகிறோம். இதற்கு உதவுவது எஸ்.எஸ்.எச். என்னும் முறையாகும். அம்முறையில் சர்வரோடு பேசுவதற்கு நம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் மென்பொருளைக் கிளையன்ட் என்பர். இன்று பலவகைக் கிளையன்டுகள் கிடைக்கின்றன. அவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது என்று முதலாண்டு மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. படித்து அறிந்ததோடு பட்டு அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.எச். பிறந்த கதை

முன்பெல்லாம் தொலைவிலுள்ள கணிப்பொறியை இயக்க டெல்நெட் என்ற முறை பயன்பட்டது. அதில் நாம் தட்டும் கடவுச்சொல், அஞ்சலட்டையில் எழுதிய செய்தியைப் போல, வழியில் இருப்பவர் யாரும் படிக்கும்படியாகவே சென்றது. 1995-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில், கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேகரிக்கும் வேலை நடந்தது. அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யூலேனன் என்பவர், செய்தி முழுவதையும் மறைகுறியாக்கி அனுப்பும் புதிய முறையை அவ்வாண்டே உருவாக்கினார். அதுவே எஸ்.எஸ்.எச். கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21-ஆம் எண்ணும் டெல்நெட்டுக்கு 23-ஆம் எண்ணும் இருந்தன. இடையில் காலியாக இருந்த 22 இதற்குக் கிடைத்தது.

1999-இல் இரண்டு மென்பொருள்கள் வெளிவந்தன. ஒன்று, ஓபன்பிஎஸ்டி குழுவினரின் ஓபன்எஸ்எஸ்எச். மற்றொன்று, இங்கிலாந்தின் சைமன் டாதம் விண்டோஸுக்காக எழுதிய புட்டி. இரண்டும் இலவசம், இரண்டும் இன்றும் வளர்ந்து வருகின்றன.

பூட்டும் சாவியும்

கிளையன்டைத் தேர்ந்தெடுக்குமுன் சாவியைப் பற்றி அறிவது அவசியம். எஸ்.எஸ்.எச்.-இல் கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் இணைச் சாவியைப் பயன்படுத்தலாம். பொதுச் சாவியைச் சர்வரில் வைக்கிறோம். அதை யார் பார்த்தாலும் கேடில்லை. தனிச் சாவி நம்மிடமே இருக்கும். உள்ளே நுழையும்போது தனிச் சாவியால் ஒரு கையொப்பம் இட்டுக் கிளையன்ட் அனுப்புகிறது. பொதுச் சாவியைக் கொண்டு சர்வர் அதைச் சரிபார்க்கிறது. தனிச் சாவி கம்பி வழியே ஒருபோதும் செல்வதில்லை. ஆனால் அந்தக் கோப்பு பிறர் கைக்குப் போய்விட்டால், அவருக்கும் நமக்கும் சர்வர் வேற்றுமை அறியாது.

நான் பட்டது

சென்ற பருவத்தில் நண்பர்கள் நால்வர் ஆளுக்கு 150 ரூபாய் போட்டு, செயல்திட்டத்திற்காக ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்தோம். நால்வருக்கும் ஒரே சாவி. ஒவ்வொரு முறையும் தட்டவேண்டுமே என்ற சோம்பலால் அந்தச் சாவிக்குக் கடவுத்தொடர் எதுவும் வைக்கவில்லை. ஒருநாள் மாலை ஒரு ஜெராக்ஸ் கடையின் கணிப்பொறியில் புட்டியையும் சாவிக் கோப்பையும் பென் டிரைவிலிருந்து நகலெடுத்து வேலை செய்தேன். கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அவற்றை அழிக்க மறந்தேன்.

மூன்றாம் நாள், எங்கள் சர்வர் வேறு கணிப்பொறிகளைத் தாக்குவதாகக் கூறி வாடகைக்கு விட்டவர்கள் அதை நிறுத்திவிட்டனர். மூன்று வார உழைப்பு போயிற்று. நகலும் எடுத்து வைக்கவில்லை. அந்தச் சாவியால்தான் நேர்ந்தது என்று என்னால் மெய்ப்பிக்க இயலாது. வேறு காரணமும் எனக்குப் புலப்படவில்லை. "கிளையன்ட் சரியில்லை, வேறு பார்" என்றான் நண்பன் ஒருவன். அதற்காகத் தேடிப் படித்தபோதுதான், புட்டியின் மீது பழியில்லை, பிழை என்னுடையதே என்று உணர்ந்தேன். அவனிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

முதலாவது, இந்த மென்பொருள் எங்கிருந்து வந்தது? புகழ்பெற்ற கிளையன்டுகளின் பெயரில் தீய நிரல் கலந்த போலிகள் உலவுகின்றன. ஆகவே, இயங்குதளத்தோடு வருவதையோ, ஆசிரியரின் சொந்தத் தளத்திலுள்ளதையோ மட்டுமே கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சாவி எங்கே தங்குகிறது? நம் கருவியில் மட்டுமா, அல்லது அந்நிறுவனத்தின் சர்வரிலுமா?

மூன்றாவது, குறை தெரிந்தால் உடனே திருத்துகிறார்களா? 2024 ஏப்ரலில் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புட்டியில் ஒரு குறையைக் கண்டனர். 521 பிட் ஈசிடிஎஸ்ஏ வகைச் சாவி இடும் கையொப்பங்களில் ஏறத்தாழ 60 கிடைத்தால், தனிச் சாவியையே கணக்கிட்டுவிடலாம் என்பது அது. 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில் இருந்த அக்குறை 0.81-இல் நீக்கப்பட்டது. ஆயினும் பழைய பதிப்பில் பயன்படுத்திய அவ்வகைச் சாவிகளை அடியோடு கைவிட வேண்டியதாயிற்று. நல்ல மென்பொருளையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

பல தாவல்கள், வண்ணங்கள், அழகிய திரை ஆகியவை இம்மூன்றுக்கும் பிறகே.

யாருக்கு எது?

விண்டோஸ் 10-இல் 2018 முதல் ஓபன்எஸ்எஸ்எச் கிளையன்ட் உடன் வருகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் முன்பே உண்டு. எனவே பெரும்பாலோர் எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. கான்ஃபிக் என்ற கோப்பில் சர்வரின் முகவரியையும் பயனர் பெயரையும் ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு ஒரு சிறு பெயரைத் தட்டினாலே போதும். என் பரிந்துரை இதுவே.

கோப்புகளைப் பக்கத்திலேயே பார்த்து இழுத்துப் போட விரும்புவோர்க்கு மோபாஎக்ஸ்டெர்ம் ஏற்றது. அதன் இலவசப் பதிப்பில் 12 சர்வர் விவரங்கள் வரை சேமிக்கலாம். டெர்மியஸ் கைபேசியிலும் கணிப்பொறியிலும் இயங்கும். அதில் விவரங்களைப் பல கருவிகளுக்குப் பகிரும்போது, அவை மறைகுறியாக்கப்பட்டு நிறுவனத்தின் சர்வர் வழியே செல்லும் என்பதை அறிந்து முடிவு செய்க. ஆண்ட்ராய்டு கைபேசி மட்டுமே உள்ளவர்கள் டெர்மக்ஸில் ஓபன்எஸ்எஸ்எச்சை நிறுவிக்கொள்ளலாம். திரை சிறிதுதான். எனினும் அடுத்தவர் கணிப்பொறியைவிட நம் கைபேசி மேல்.

எதைக் கொண்டாலும் மறவாதவை: இடி25519 வகைச் சாவியை உருவாக்குக, அதற்குக் கடவுத்தொடர் வைக்க. கருவிக்கொரு சாவி இருந்தால், ஒன்று தொலைந்தாலும் சர்வரில் அந்த ஒரு வரியை நீக்கினால் போதும். முதன்முறை இணையும்போது சர்வரின் கைரேகையைக் காட்டிக் கிளையன்ட் ஒப்புதல் கேட்கும். சரிபார்க்காமல் 'எஸ்' என்று தட்டாதீர்கள். பின்னொரு நாள் அது மாறிவிட்டதாக எச்சரித்தால், காரணம் தெரியும்வரை நிறுத்துங்கள்.

முடிவுரை

நாங்கள் நால்வரும் மீண்டும் பணம் போட்டோம். இப்போது நால்வருக்கும் தனித்தனிச் சாவிகள். வாரந்தோறும் நகலும் எடுக்கிறோம். நான் வேலை செய்வது என் கைபேசியில். கிளையன்ட் எதுவாயினும், சாவியைக் காப்பது நம் பொறுப்பே. புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் அதை என்னைப்போல் இழந்து கற்காமல், படித்தே கற்பார்களாக!