கணிப்பொறிக் கணக்குக்கு எந்த முத்திரை?

கடனுக்குச் சரக்கெடுத்தவர் பணம் தர மறுத்தால் பேரேட்டையும் கையெழுத்திட்ட பில்லையும் நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்வது நம் வழக்கம். இன்று காந்தி மார்க்கெட் மண்டியானாலும், பச்சைமலை அடிவாரத்துத் துறையூர் மளிகையானாலும் கணக்கு கணிப்பொறியில்தான் இருக்கிறது.

1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்பவர் உடன் ஒரு சான்றிதழும் தரவேண்டும். முதல் பகுதி நாம் தருவது, இரண்டாம் பகுதி நிபுணர் தருவது. இரண்டிலும் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பைக் குறிக்க வேண்டும். எந்த முறையில் கணக்கிட்டது என்பதற்கு எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5, பிற என்று படிவத்தில் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. கோப்பு எவ்வளவு பெரியதானாலும் அதை ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணாகச் சுருக்கித் தரும் கணக்குமுறை அது. ஒரு பில்லில் 1,500 ரூபாயை 1,600 என்று திருத்தினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும்.

லாரியில் வந்த மூட்டைகளை எண்ணிப் பார்த்தால் வழியில் விழுந்தது தெரிந்துவிடும். ஆனால் ஒருவர் வேண்டுமென்றே பொன்னி மூட்டையை எடுத்துவிட்டு மட்ட அரிசி மூட்டையை வைத்திருந்தால்? எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். ஜிப் கோப்புக்குள் உள்ள சி.ஆர்.சி. சோதனை இப்படி எண்ணிப் பார்ப்பது போன்றது. பென் டிரைவ் பழுதைக் கண்டுபிடிக்கும், திருட்டுக் கையைக் கண்டுபிடிக்காது. எம்.டி.5 முறையில் இரு வேறு கோப்புகளுக்கு ஒரே கைரேகை வரச் செய்யலாம் என்று 2004இலும், எஸ்.எச்.ஏ.1 முறையில் 2017இலும் நிரூபித்துவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது போதாதா? ஆகவே எஸ்.எச்.ஏ.256தான் நம் தேர்வு. ஜி.எஸ்.டி. மின்விலைப்பட்டியலில் வரும் 64 எழுத்து ஐ.ஆர்.என். எண்ணும் இதே முறையில் உருவாவதுதான்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10 கணிப்பொறியில் 'சர்ட்யூட்டில்' கட்டளையை, முறையைக் குறிப்பிடாமல் கொடுத்தால் அது தானாக எஸ்.எச்.ஏ.1 போட்டுத் தருகிறது. அதே கணிப்பொறியில் பவர்ஷெல்லின் 'கெட்-ஃபைல்ஹாஷ்' கட்டளை எஸ்.எச்.ஏ.256 தருகிறது. எழுத்துகளை எண்ணினால் தெரிந்துவிடும்: எம்.டி.5க்கு 32, எஸ்.எச்.ஏ.1க்கு 40, எஸ்.எச்.ஏ.256க்கு 64.

அன்றாடம் பில் போடும் கோப்புக்குக் கைரேகை எடுத்துப் பயனில்லை. அடுத்த பில்லிலேயே மாறிவிடும். மாதக் கடைசியில் எடுக்கும் பேக்கப்புக்கு எடுத்து, அந்த 64 எழுத்துகளையும் தேதியோடு நோட்டில் மையால் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் பில்லைப் படமாக அனுப்பினால் சுருங்கிக் கைரேகை மாறிவிடும். ஆவணமாக அனுப்புவதே சரி. பதிவே தப்பாக இருந்தால் அதை எந்தக் கைரேகையும் சொல்லாது. எடுத்த பிறகு கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே சொல்லும்.