மலையைத் தூக்கும் தண்ணீர்

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் எனும் வரிசை வீடுகள் மீது மலைச்சரிவு இறங்கியது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அன்று 24 மணி நேரத்தில் அங்கே 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருந்தது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அது.

இத்தகைய துயரம் நேரும்போதெல்லாம், மழையில் மண் ஊறிக் கனத்துப்போய்ச் சரிந்துவிட்டது என்கிறோம். கனம் கூடுவது உண்மைதான். ஆனால் சரிவைக் கிளப்புவதில் பெரும்பங்கு வேறொன்றுக்கு உண்டு. உள்ளே இறங்கிய தண்ணீர், மண்ணின் பாரத்தைத் தானே தாங்கத் தொடங்குகிறது. அது தாங்கும் அளவுக்கு மண்ணின் பிடி தளர்ந்துபோகிறது.

பிடி எப்படிப் போகிறது?

மண் என்பது துகள்களும் அவற்றுக்கு இடையிலுள்ள துளைகளும் சேர்ந்தது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவதால் உண்டாகும் உராய்வுதான் சரிவில் மண்ணை நிறுத்தி வைக்கிறது. வேர்களும் களிமண்ணின் ஒட்டும் தன்மையும் அதற்குத் துணை.

கடற்கரையில் மணல் வீடு கட்டிய எவருக்கும் மீதி தெரியும். காய்ந்த மணலில் சுவர் எழும்பாது. ஈர மணலில் எழும்பும். துளைகளில் உள்ள கொஞ்ச நீர் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அலை வந்து நனைத்துவிட்டால் சுவர் உட்கார்ந்துவிடும்.

மலையிலும் இதே வரிசைதான். தொடர்மழை, துளைகளில் காற்று இருந்த இடத்தை நிரப்புகிறது. ஈரம் கொடுத்த இழுவிசை போகிறது. மேலும் இறங்கும் நீர் அடிப்பாறையில் முட்டித் தேங்குகிறது. மண்ணுக்குள் நீர்மட்டம் ஏற ஏற, துளைகளில் உள்ள நீர் துகள்களைத் தள்ளுகிறது. இதுவே துளைநீர் அழுத்தம். மேலிருந்து அழுத்தும் பாரத்தில் இந்த அழுத்தத்தைக் கழித்த மிச்சமே மண்ணின் உராய்வைத் தீர்மானிக்கிறது என்பதை 1920களில் தெளிவாக்கியவர், மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி.

கணக்கு எளியது. நீர் நிரம்பிய மண்ணின் கனம் தண்ணீரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நீர்மட்டம் தரைவரை உயர்ந்தால், பாரத்தில் பாதியை நீரே ஏற்றுக்கொள்கிறது, உராய்வும் பாதியாகிறது. கீழே இழுக்கும் விசை மட்டும் குறைவதில்லை. காய்ந்திருந்தபோது 34 பாகைச் சரிவில் நின்ற மணல், அந்த நிலையில் ஏறத்தாழ 19 பாகைச் சரிவில்தான் நிற்கும்.

ஊர்வதும் பாய்வதும்

எல்லாச் சரிவுகளும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தினர் ஓரிகன் மாநிலத்தில் பெரிய சரிவுத் தொட்டி அமைத்து, மண்ணை நனைத்துச் சரியவிட்டுப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான அதன் முடிவு வியப்பானது. கன அளவில் பாதி துளையாக இருந்த தளர்ந்த மண், ஒரு நொடிக்குள் விநாடிக்கு 1 மீட்டருக்கும் அதிகமான வேகம் பிடித்தது. 40 விழுக்காடு துளை கொண்ட இறுகிய மண்ணோ விட்டுவிட்டு ஊர்ந்தது.

தளர்ந்த மண் நகரும்போது அமுங்குகிறது. வெளியேற நேரமில்லாத நீர் நெருக்கப்பட்டு, அழுத்தம் சட்டென எகிறுகிறது. மண் குழம்பாய்ப் பாய்கிறது. இறுகிய மண் நகரும்போது விரிகிறது. துளைகள் அகன்று அழுத்தம் தணிய, சரிவு தன்னைத்தானே கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது.

மழைமானி மட்டும் போதாது

ஆக, மழையளவோடு மண்ணுக்குள் ஏறும் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். மூணாற்றின் அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் சரிவில் துளையிட்டு அழுத்தமானிகளை இறக்கியிருக்கிறது. 2009 ஜூலையில் அவை காட்டிய அளவுகளைக் கொண்டு அங்கே எச்சரிக்கையும் விடப்பட்டது. ஆபத்தான சரிவுகளின் கீழ் மக்கள் வாழும் இடங்களுக்கெல்லாம் இந்த வசதி போய்ச்சேர வேண்டும். மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும்படி வடிகால்களைத் தூர்வாரி வைப்பதும் உயிர்காக்கும் வேலை.

கருவி இல்லாத இடத்தில் கண்கள்தான் காவல். தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், இல்லாத இடத்தில் திடீரெனப் பொசியும் ஊற்று, தெளிந்த ஓடை கலங்குவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் முகாமுக்கு இடம்பெயர வேண்டும்.

மழை விட்டதும் வீடு திரும்பத் துடிப்போம். ஆனால் மேலே விழுந்த நீர் ஆழத்துக்குப் போய்ச்சேர மணிக்கணக்கில் ஆகலாம்; தடித்த மண்ணில் நாட்கணக்கிலும் ஆகலாம். வானம் வெளுத்த பிறகும் மண்ணுக்குள் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கக்கூடும். அதிகாரிகள் சரிவைப் பார்த்து உறுதிசொல்லும்வரை முகாமிலேயே இருங்கள்.