ரெண்டாவது கார், பழைய கார்: 12 வயசு வேகன்ஆர் எனக்கு மாசம் எவ்வளவு செலவு வைக்குது?

"ஏற்கனவே வீட்டுல ஒரு கார் இருக்கு, அவசரத்துக்கு ஒரு பழைய காரும் வாங்கி வச்சா லாபமா?" நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. பதிலை முதல்லயே சொல்லிடறேன். லாபம் இல்லை. ஆனாலும் நான் வாங்கினேன். ஏன் வாங்கினேன், எவ்வளவு ஆச்சு, எங்க தப்பு பண்ணேன்னு எல்லாத்தையும் ரூபாய் கணக்கோட இந்தப் பதிவுல எழுதறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 24 மணி நேரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. கிருஷ்ணா நகர்ல ராணுவம் வந்து ஆட்களை மீட்டாங்க. எங்க வீடு ரெயின்போ நகர். கீழே நிறுத்தியிருந்த எங்க கார்ல சீட் உயரத்துக்குத் தண்ணி. வொர்க்ஷாப் போய் திரும்பி வர 42 நாள் ஆச்சு.

அப்பாவுக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். அந்த செவ்வாய்க்கிழமை தண்ணி கணுக்கால் அளவுக்கு வடிஞ்சிடுச்சு, ஆனா எவ்வளவு கேட்டும் ஆட்டோ வரல. புதன்கிழமைதான் போக முடிஞ்சது. நடுவுல அந்த ஒரு ராத்திரி அப்பாவுக்கு மூச்சு வாங்கினதை நான் மறக்க மாட்டேன்.

முதல்ல நேர்மையா ஒரு கணக்கு

அந்த 42 நாள்ல 12 தடவை ஆட்டோவுல போய் வந்தோம். ஒரு தடவைக்கு 600 ரூபாய்னு வச்சா மொத்தம் 7,200. அவ்வளவுதான்.

இப்போ என் பேக்கப் காரைப் பாருங்க. 2025 மார்ச்சில 2013 மாடல் வேகன்ஆர் வாங்கினேன். அஞ்சு வருஷம் வச்சிருக்கப் போறேன்னு எடுத்துக்கிட்டா:

- வாங்கின விலை: 1,80,000
- பெயர் மாற்றம், இதர அலைச்சல்: 4,000
- வாங்கின உடனே செஞ்ச வேலை: 31,000
- அஞ்சு வருஷப் பராமரிப்பு, வருஷம் 16,000 வீதம்: 80,000
- 2028-ல பதிவு புதுப்பிக்க: 5,000
- மொத்தம்: 3,00,000
- 2030-ல வித்தா வரும்னு நினைக்கிறது: 70,000

நிகரச் செலவு 2,30,000. வருஷத்துக்கு 46,000, மாசத்துக்கு சுமார் 3,800. பெட்ரோல் இதுல சேரல. அதாவது வருஷத்துக்கு 77 தடவை மெயின் கார் இல்லாம தவிச்சாதான் ஆட்டோவை விட இது லாபம். நமக்கு வருஷத்துல நாலஞ்சு நாள்கூட அப்படி வராது.

அதனால பேக்கப் காரை சேமிப்புக் கணக்குல எழுதாதீங்க. அது இன்ஷூரன்ஸ். மாசம் 3,800 பிரீமியம் கட்டி, "அந்த ஒரு நாள்" வண்டி கட்டாயம் கிளம்பும்ங்கிற உறுதியை வாங்கறோம். வீட்டுல டயாலிசிஸ், கீமோ, நடக்க முடியாத பெரியவங்க, நைட் ஷிஃப்ட் வேலைன்னு ஏதாவது இருந்தா இந்தப் பிரீமியத்துக்கு அர்த்தம் இருக்கு. இல்லேன்னா, 50,000 ரூபாயை தனியா ஒரு டெபாசிட்ல போட்டு "ஆட்டோ ஃபண்ட்"னு பேர் வையுங்க. அது போதும்.

இன்ஷூரன்ஸ்னு முடிவு பண்ணிட்டா அடுத்த எல்லா முடிவும் சுலபம். ஒவ்வொரு இடத்துலயும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "அந்த நாள்ல இது கிளம்புமா?"

எந்த வண்டி?

அழகு, டச் ஸ்கிரீன், அலாய் வீல் எதுவும் வேண்டாம். எந்தத் தெரு மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிக்கிற, எந்தக் கடையிலயும் ஸ்பேர் கிடைக்கிற சின்ன பெட்ரோல் வண்டி போதும். வேகன்ஆர், ஆல்டோ கே10, ரிட்ஸ், ஐ10, சான்ட்ரோ ஜிங் எல்லாம் இந்த வரிசைதான்.

நான் வேகன்ஆர் எடுத்ததுக்கு மூணு காரணம். ஒன்னு, சீட் உயரம். அப்பா குனிஞ்சு உட்கார வேண்டியதில்லை. ரெண்டு, 998 சிசி எஞ்சின். 1000 சிசி வரைக்குமான கார்களுக்கு 2022 ஜூன்ல நிர்ணயிச்ச தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய். 1000-ல இருந்து 1500 சிசி வரைக்கும் அதுவே 3,416. சான்ட்ரோ ஜிங் 1086 சிசி, அதனால மேல் வரிசைக்குப் போயிடும். மூணு, இந்த எஞ்சின்ல டைமிங் செயின் இருக்கு. பழைய 800 சிசி ஆல்டோ, சான்ட்ரோ ஜிங் ரெண்டுலயும் ரப்பர் டைமிங் பெல்ட். அது எப்போ மாத்தினாங்கன்னு பழைய ஓனருக்கே தெரியலைன்னா, வாங்கின அன்னைக்கே மாத்தற செலவையும் விலையோட சேர்த்துக்குங்க.

வயசும் முக்கியம். தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம்தான். அப்புறம் ஃபிட்னெஸ் பார்த்து அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து அதுக்குக் கட்டணம் 5,000. 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025 ஆகஸ்ட்ல அதை 10,000 ஆக்கிட்டாங்க. அதனால 14 வயசு வண்டி 20,000 ரூபாய் கம்மியா கிடைச்சாலும் அவசரப்படாதீங்க. அடுத்த வருஷமே ஃபிட்னெஸுக்காக பெயின்ட், டிங்கரிங்னு அந்தக் காசு போயிடும்.

பெட்ரோலையும் யோசிக்கணும். இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த பெரும்பாலான வண்டிகள் அதை நினைச்சு செஞ்சது இல்லை. பழைய வண்டியில ஃபியூவல் ஹோஸ், ரப்பர் சீல் எல்லாத்தையும் மெக்கானிக்கை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. சின்ன செலவுதான்.

நான் கிட்டத்தட்ட ஏமாந்த கதை

வேகன்ஆருக்கு முன்னாடி ஒரு செடான் பார்த்தேன். 2012 மாடல், பளபளன்னு பாலிஷ், விலை வெறும் 95,000. அட்வான்ஸ் கொடுக்கக் கையில பணத்தோடதான் போனேன். நல்லவேளை, முதலியார்பேட்டையில எங்க மெக்கானிக் அண்ணனையும் கூட்டிட்டுப் போனேன்.

அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்தார். கடைசி ஒரு அடி மட்டும் பழுப்பு நிறமா இருந்துச்சு. சீட்டைப் பின்னாடி தள்ளி ரெயிலைத் தொட்டார், விரல்ல வண்டல். "தம்பி, இது குளிச்ச வண்டி. கிளம்பலாம்"னார். அவ்வளவுதான் இன்ஸ்பெக்‌ஷன்.

வெள்ளத்துல மூழ்கின வண்டி ஒரு வருஷம் நல்லாவே ஓடும். அப்புறம்தான் வயரிங்ல பச்சை பிடிச்சு, சென்சார் ஒன்னொன்னா போகும். பேக்கப் காருக்கு இதைவிட மோசமான வியாதி கிடையாது. 2015 சென்னை வெள்ளம், 2023 மிக்ஜாம், 2024 ஃபெஞ்சல்னு நம்ம பக்கம் குளிச்ச வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. அதனால இதெல்லாம் கட்டாயம் பாருங்க:

- நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க.
- ஸ்டெப்னி வைக்கிற குழியில மண், துரு இருக்கா?
- கார்பெட்டைத் தூக்கி, சீட்டுக்கு அடியில இருக்கிற போல்ட்டைப் பாருங்க.
- ஏ.சி. போட்டதும் முதல்ல வர்ற காத்துல பூஞ்சை வாடை வருதா?
- முழு இன்ஷூரன்ஸ் இருந்தா பழைய பாலிசியைக் கேளுங்க. அதுல நோ கிளைம் போனஸ் 50 சதவீதம்னா தொடர்ந்து அஞ்சு வருஷம் கிளைம் இல்லைன்னு அர்த்தம். புயலுக்கு அடுத்த பாலிசியில அது திடீர்னு பூஜ்யம் ஆகியிருந்தா, ஏன்னு கேளுங்க.

இதோட நம்ம ஊருக்கே உரிய இன்னொரு எதிரி உப்புக் காத்து. கடலோரத் தெருவுல வருஷக்கணக்கா நின்ன வண்டி மேல பளிச்சுனு இருக்கும், அடியில பொரிஞ்சு போயிருக்கும். லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கம் பார்க்காம ஒரு ரூபாய்கூட கொடுக்காதீங்க. கதவோட கீழ் விளிம்பு, வீல் ஆர்ச், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற இடம் மூணும் முக்கியம். எஞ்சினைச் சரி பண்ணிடலாம், துருப்பிடிச்ச பாடியைச் சரி பண்ண முடியாது.

பி.ஒய். நம்பரா, டி.என். நம்பரா?

கோரிமேட்டைத் தாண்டினா தமிழ்நாடு. முள்ளோடையைத் தாண்டினா கடலூர் மாவட்டம். அதனால நமக்கு ரெண்டு நம்பர்லயும் வண்டி காட்டுவாங்க. சட்டம் என்ன சொல்லுதுன்னா, வேற மாநிலப் பதிவு வண்டியை ஒரு இடத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அந்த இடத்து நம்பருக்கு மாத்தணும். பழைய ஆர்.டி.ஓ.கிட்ட என்.ஓ.சி. வாங்கணும், இங்க வரி கட்டணும். இங்க வரி கம்மிங்கிறதால நமக்கு வலி கொஞ்சம் குறைவு. ஆனா கடலூர், விழுப்புரம் நண்பர்கள் "பாண்டி வண்டி விலை கம்மி"னு வாங்கிட்டு, அப்புறம் தமிழ்நாட்டு வரியைக் கேட்டு முழிக்கிறாங்க. அந்த வரியையும் சேர்த்தா விலை கம்மியான்னு முதல்லயே பாருங்க.

பெயர் மாத்தாம "ஓப்பன் பேப்பர்"ல வாங்கறது, விக்கிறது ரெண்டுமே வேண்டாம். வண்டி கை மாறி கை மாறிப் போயிருந்தாலும், விபத்து நடந்த அன்னைக்கு ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் பொறுப்புன்னு 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. வாங்கறவங்களுக்கும் ஆபத்துதான். பேர் நம்மது இல்லைன்னா கிளைம்ல இழுபறி, விக்கும்போது பழைய ஓனரைத் தேடி அலையணும்.

பணம் கொடுக்கும் முன்னாடி எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டு ஓனர் பேர், பதிவு முடியிற தேதி, இன்ஷூரன்ஸ், கடன் பாக்கி பாருங்க. நிலுவை சலானையும் தேடுங்க. படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து, கடன் இருந்திருந்தா வங்கியோட படிவம் 35. இதெல்லாம் கைக்கு வந்தப்புறம்தான் மீதிப் பணம். பாலிசியை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுங்க. பழைய ஓனரோட போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளோட போற விஷயம்.

பேரம்

நான் வாங்கினது மார்ச்சில. 2025 செப்டம்பர் 22-ல சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமா குறைஞ்சது. புது ஆல்டோ கே10 ஆரம்ப ஷோரூம் விலையே அப்போ 3.70 லட்சத்துக்கு வந்துடுச்சு. புதுசு இறங்கினா பழசும் இறங்கணும். "போன வருஷம் இதே மாடல் இவ்வளவுக்குப் போச்சு"னு யாராவது சொன்னா, இந்த ஒரு வரியைச் சொல்லிப் பேரம் பேசுங்க.

கையில இருக்கிற மொத்தத்தையும் வண்டிக்குக் கொடுக்காதீங்க. 2 லட்சம் இருந்தா 1.70-க்கு மேல வண்டி பார்க்கக் கூடாது. எனக்கு ஆன 31,000-ல நாலு டயர் 14,000, கிளட்ச் 8,000, பேட்டரி 4,500, பிரேக் பேட், ஆயில், ஃபில்டர் 4,500. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2317-ன்னா 2017-ஓட 23-வது வாரம் செஞ்சது. என் வண்டியில பட்டன் தேயவே இல்லை, ஆனா டயருக்கு எட்டு வயசு. மாத்தித்தான் ஆகணும். இதுக்காகப் பர்சனல் லோன் மட்டும் எடுக்காதீங்க. இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு வட்டி கட்டற மாதிரி ஆயிடும்.

வாங்கினப்புறம் நான் செஞ்ச தப்பு

ஜூலை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலை மெயின் கார் சர்வீஸ்ல இருந்துச்சு. "பேக்கப் இருக்கே"ன்னு தைரியமா சாவியைத் திருப்பினேன். டிக், டிக். அவ்வளவுதான். மூணு வாரமா வண்டியைத் தொடவே இல்லை, புது பேட்டரியே இறங்கிடுச்சு. அப்பா வாசல்ல நின்னு என்னைப் பார்த்தார், ஒன்னும் சொல்லல. பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில கேபிள் போட்டுத்தான் கிளப்பினோம்.

அன்னைக்கு ரெண்டு பழக்கம் வச்சேன். ஒன்னு, ஞாயிறு காலை வேகன்ஆர்லதான் ஈ.சி.ஆர்ல காலாப்பட்டு வரைக்கும் போய் வருவேன். அரை மணி நேரத்துக்கு மேல ஓடும், பேட்டரி ஏறும், பிரேக்ல துரு ஒட்டாது. டேங்க் எப்பவும் பாதிக்குக் கீழே இறங்காது.

ரெண்டாவதுதான் ரொம்ப முக்கியம். ஒரே இடத்துல ரெண்டு காரையும் நிறுத்தினா, ஒரே வெள்ளத்துல ரெண்டும் போயிடும். அப்புறம் அது என்ன பேக்கப்? அதனால மழைக்காலத்துல புயல் எச்சரிக்கை வந்தா முந்தின நாளே வேகன்ஆரை லாஸ்பேட்டையில மேட்டுல இருக்கிற அக்கா வீட்டுல விட்டுடறேன். அப்பாவும் அங்கேயே தங்கிடுவார். இதுக்குச் செலவு பூஜ்யம், ஆனா நான் கட்டற 3,800-க்கு முழு மதிப்பைக் கொடுக்கிறது இந்தப் பழக்கம்தான்.

போன மழைக்காலத்துல ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெயின் கார் மக்கர் பண்ணிச்சு. வேகன்ஆர் ஒரே சாவியில கிளம்பிச்சு. அப்பா பத்து நிமிஷம் முன்னாடியே போய் உட்கார்ந்துட்டார். அந்த வருஷத்துக்கு நான் கட்டின 46,000 அன்னைக்கு வசூல்.

உங்க வீட்டுக்கு "அந்த ஒரு நாள்" எது? அதை முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க. எழுத ஒன்னும் வரலைன்னா கார் வேண்டாம், ஆட்டோ ஃபண்ட் போதும். வந்துச்சுன்னா மேல இருக்கிற கணக்குல உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. சீட் பெல்ட் இழுத்துப் பார்க்கிறதை அடுத்த வீடியோவுல நேர்லயே காட்டறேன்.